நிலம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
தற்காலிக முகாம்: மகள் வீடு, சியாட்டில் பக்கம்.

பெறுநர்:
‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ என்னும் கரையோர மந்திரவாதிகள் சமூகத்திற்கு,
ரெண்டன், வாஷிங்டன் மாநிலம்.

பொருள்: ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் நிலமற்ற ஏழைகளுக்கு நிலம் வழங்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி அச்சிடுவதில்லை என்று தாங்கள் 1996இல் கொடுத்த வாக்குறுதி.

ஐயா,

முப்பத்திரண்டு வருஷம் பட்டா, சிட்டா, அடங்கல் என்று நிலக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். ஆறு மாத விசாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேரனைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனைச் சீட்டுக்கடைக்கு அழைத்துப்போவதும்தான் இங்கே என் உத்தியோகம். சீட்டு என்றதும் என் வீட்டுக்காரிக்கு முகம் கறுத்துப்போயிற்று. சீட்டாடிக் காடு கழனியைத் தோற்ற குடும்பங்கள் எங்கள் பிர்க்காவிலேயே நாலைந்து உண்டு. உங்கள் ஆட்டத்தில் முறை தலைகீழ் என்று பேரன்தான் சமாதானம் சொன்னான். "இங்க மொதல்ல நிலம் வாங்கணும் பாட்டி, அப்புறந்தான் சீட்டாடவே முடியும்."

நேரில் வந்து மனு கொடுக்கத்தான் நினைத்தேன். எங்கள் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். உங்களுக்கு எந்தக் கிழமை என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். எனவே தபால். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ரெண்டன் போய்ப் பார்த்தேன், அங்கே இருப்பது ஏரிக்கரை. கடற்கரை என்று பெயர் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் குடியிருப்பதை நான் பெரிதுபடுத்தவில்லை. முகவரிப் பிழைகளைப் பார்த்தே தலை நரைத்தவன்.

விஷயத்துக்கு வருகிறேன். அறுபது சீட்டுக் கட்டில் மூன்றில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் மேலே, நிலமாக இருக்க வேண்டும். நிலம் இருந்தால்தான் ‘மானா’ என்னும் விளைச்சல். விளைச்சல் இருந்தால்தான் பூதமோ தேவதையோ களத்தில் இறங்கும். மலை, காடு, சமவெளி, தீவு, சதுப்பு என்று நிலம் ஐந்து. கேட்டதும் மெய்சிலிர்த்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் நான்கும் அப்படியே இருக்கின்றன. பாலைக்குப் பதில்தான் சதுப்பு. வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்து யோசித்தால் பாலை எங்கே நினைவுக்கு வரும்! அதிலும் உங்கள் மலையின் நிறம் சிவப்பு. குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன், அதாவது சிவந்தவன், என்று பேரனிடம் சொன்னேன். அவன் என்னை முதல்முறையாக மரியாதையுடன் பார்த்தான்.

இந்த அடிப்படை நிலங்களுக்குப் பஞ்சமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கிறது, அள்ளிக்கொள்ளலாம். இலவச வீட்டுமனைப் பட்டா மாதிரி. ஒரு நிற மானாவை மட்டும் வைத்து ஆடுகிறவனுக்கு இது போதும். போட்டிக்குப் போகிறவன் இரண்டு நிறமாவது வைத்திருப்பான். அங்கேதான் ஒரே சீட்டில் இரண்டு நிலம் தேவைப்படுகிறது. மலையும் தீவும் ஒன்றாக, காடும் சமவெளியும் ஒன்றாக. ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்தில் கலந்து வருவதை எங்கள் இலக்கணம் திணைமயக்கம் என்கிறது. அதற்கு இரண்டாயிரம் வருஷமாக யாரும் காசு கேட்டதில்லை. நீங்கள் கேட்கிறீர்கள்.

தொடக்கக்காரன் என்ன வாங்க வேண்டும் என்று அந்தக் கடையில் ஆடும் பெரியவர்களிடம் விசாரித்தேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் தன் பைண்டரைத் திறந்து காட்டிச் சொன்னது எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. பூதத்தை வாங்காதே, நிலத்தை வாங்கு என்றார். எந்தப் பூதம் எத்தனை நாள் செல்லும் என்று யாருக்கும் தெரியாது; இரட்டை நிலம் இன்று ஒரு கட்டில், நாளை வேறு கட்டில், மறுநாள் வேறு ஆட்ட வகையில் என்று சுற்றி வேலை செய்யும். எங்கள் ஊர்ச் சம்சாரியும் இதைத்தான் சொல்வான். பயிர் பொய்க்கும், நிலம் கிடக்கும்.

சரி, எந்த நிலம்? இங்கேதான் உங்கள் வருவாய்த்துறையின் திறமையைக் கண்டு வியந்தேன். ‘ஷாக் லேண்ட்’ என்று பத்து வகை வைத்திருக்கிறீர்கள், 2005இல் ‘ரவ்னிகா’ தொகுப்பில் தொடங்கியது. ஆட்டக்காரனுக்கு ஆரம்பத்தில் இருபது உயிர். இந்த நிலத்தை இறக்கும்போது இரண்டு உயிர் கட்டினால் உடனே கைக்கு வரும். கட்டாவிட்டால் நிலம் படுத்துக்கொண்டுதான் நுழையும். அடுத்த சுற்று வரை பயனில்லை. நான் வேலை பார்த்த இடங்களில் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தோம். விதிப்புத்தகத்திலேயே அச்சிட்டுப் பகிரங்கப்படுத்தும் துணிச்சல் எங்களுக்கு வரவில்லை.

அடுத்தது ‘ஃபெட்ச் லேண்ட்’. இதுவும் பத்து: ஐந்து 2002இல், ஐந்து 2009இல் வந்தவை. இது நிலமே இல்லை ஐயா, தரகர். ஒரு உயிர் கமிஷன் வாங்கிக்கொள்கிறார், கட்டுக்குள் போய் உங்களுக்கு வேண்டிய நிலத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கிறார், அந்த நிமிஷமே இடுகாட்டுக்குப் போய்விடுகிறார். பத்திரம் முடிந்ததும் போனை எடுக்காத தரகர்களை நான் பார்த்திருக்கிறேன், இவ்வளவு தூரம் யாரும் போனதில்லை. தரகரை வைத்து ஷாக் நிலத்தை எடுத்தால் அவருக்கு ஒன்று, மேசைக்கு இரண்டு. எதிராளி இன்னும் சுண்டுவிரலைக்கூட அசைக்கவில்லை, நமக்குப் பதினேழுதான் மிச்சம்.

இவை இரண்டையும்விட உயர்ந்த சாதி நிலம் ஒன்று உண்டு. 1993இல் கணிதப் பேராசிரியர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தபோதே அச்சான பழைய இரட்டை நிலங்கள். கமிஷன் இல்லை, மேசைக்கடி இல்லை, காத்திருப்பு இல்லை. மொத்தம் பத்து என்றாலும் முதல் அச்சான ‘ஆல்பா’வில் ஒன்பதுதான் வந்தன. மலையும் தீவும் சேர்ந்த ‘வல்கானிக் ஐலண்ட்’ விட்டுப்போய், அடுத்த ‘பீட்டா’வில் சேர்ந்தது. ஒரு சர்வே எண் விட்டுப்போவது எந்த நாட்டிலும் நடக்கக்கூடியதுதான். ஆனால் 1994இல் வந்த ‘ரிவைஸ்டு’ பதிப்போடு போட்டியில் செல்லுபடியாகும் அந்த நிலங்களை அச்சிடுவதையே நிறுத்திவிட்டீர்கள்.

ஏன் என்று கேட்டேன். 1995இல் ‘கிரானிக்கிள்ஸ்’ என்ற தொகுப்பில் பழைய சீட்டுகளை மறுபடி அச்சிட்டீர்களாம். பெட்டியில் பூட்டிவைத்திருந்தவர்கள் தங்கள் சொத்து மதிப்பு போயிற்று என்று கொதித்தார்களாம். உடனே மறு வருஷம், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகளை இனித் தொடமாட்டோம் என்று ஒரு பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். பத்து நிலங்களும் அந்தப் பட்டியலில். பேரன் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு, அவனைக் கேட்காமல் கொடுத்த வாக்கு. எங்கள் சென்னை மாகாணத்தில் 1948லேயே ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. ஜமீனை 1996இல் புதிதாகத் தொடங்கியவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

உச்சவரம்பு இல்லையா என்றால், இருக்கிறது. ஒரே பெயருள்ள சீட்டு ஒரு கட்டில் நாலுக்கு மேல் கூடாது. இலவச நிலங்களுக்கு மட்டும் விலக்கு. படித்ததும் சமதர்ம ஆட்சி என்று சந்தோஷப்பட்டேன். வரம்பு கட்டுக்குத்தான், பைண்டருக்கு இல்லை என்று பிறகு தெரிந்தது. ஒருவர் நாற்பது ‘வல்கானிக் ஐலண்ட்’ வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துக்கொண்டு ஒரு நாளும் ஆடாமல் இருக்கலாம். எங்கள் பண்ணையார்கள் பினாமி பெயர் தேடி எவ்வளவு அலைந்தார்கள், பாவம்.

காகிதத் தட்டுப்பாடு என்று நினைத்துக்கொள்ளவும் வழியில்லை. 2022 நவம்பரில் பேங்க் ஆஃப் அமெரிக்கா உங்கள் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோவின் பங்கைத் தரம் இறக்கியது. அளவுக்கு மீறிச் சீட்டு அச்சடிக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. ஆற்றில் வெள்ளம் போகிற வருஷத்தில்கூடக் கடைமடைக்குத் தண்ணீர் வராது என்பதைத் தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு வருஷம் வேலை பார்த்தபோது கண்ணாரக் கண்டவன் நான். அதே மாதக் கடைசியில் முப்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு ஒன்றை விற்பனைக்கு வைத்தீர்கள். நாலு பாக்கெட், பாக்கெட்டுக்குப் பதினைந்து சீட்டு, விலை 999 டாலர். பழைய நிலங்கள் அதில் வரக்கூடும். ஆனால் முதுகில் வேறு படம், போட்டியில் செல்லாது. அதாவது ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் குறைத்து, பத்திரத்தின் ஜெராக்ஸ் விற்றிருக்கிறீர்கள். அதுவும் எந்தப் பத்திரத்தின் ஜெராக்ஸ் என்று உறையைக் கிழித்த பிறகுதான் தெரியும்.

நிலத்தை விட்டுப் பயிரில் காசைப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் தடைப் பட்டியலே சாட்சி. ‘ஓகோ’ என்றொரு சீட்டு 2019 அக்டோபரில் வந்தது, நவம்பரில், புதிய தொகுப்புகள் மட்டும் செல்லும் ‘ஸ்டாண்டர்ட்’ ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. ஓகோவென்று வாழ்ந்தது ஆறு வாரம். 2024 ஜூனில் ‘நாடு’ என்ற பறவை வந்தது. பெயரே அதுதான். கடைசி நேரத்தில் வாசகத்தை மாற்றினோம், மாற்றியதைச் சோதித்துப் பார்க்கவில்லை என்று அதை வடிவமைத்தவரே எழுதினார். ஆகஸ்டில், பழைய தொகுப்புகள் பலவும் செல்லும் ‘மாடர்ன்’ ஆட்டத்தில் நாட்டைத் தடை செய்துவிட்டீர்கள். நாட்டுக்குத் தடை என்ற செய்தியைப் பேரன் உரக்கப் படித்தபோது நான் பதறிப்போய் டிவியைப் போட்டேன். ‘ஸ்பிளிண்டர் ட்வின்’ என்பதை 2016இல் உள்ளே தள்ளி 2024 டிசம்பரில் விடுதலை செய்திருக்கிறீர்கள். கிட்டத்தட்ட ஒன்பது வருஷம். நன்னடத்தைக்காகவா என்று தெரியவில்லை.

ஸ்டாண்டர்ட் ஆட்டமோ சுத்தமான குத்தகை. அதில் நுழைந்த சீட்டு முன்பு இரண்டு வருஷத்துக்குள் காலி செய்ய வேண்டும். 2023இல் பெரிய மனசு பண்ணி அதை மூன்றாக்கினீர்கள். இதில் ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் வந்த ‘ஃபவுண்டேஷன்ஸ்’ தொகுப்புக்குக் குறைந்தது 2029 வரை குத்தகை கொடுத்திருக்கிறீர்கள். புதிதாக வருகிறவன் அதை நம்பிக் கொஞ்சம் விதைக்கலாம். அதிலும் இரட்டை நிலங்கள் இருக்கின்றன. படுத்துக்கொண்டே வருகின்றன, ஆனாலும் வருகின்றன.

எங்கள் நிலைமை இதுதான். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் சேர்ந்த பணத்தில் பேரன் முதலில் பூஸ்டர் பாக்கெட்டுகளாக வாங்கிக் கிழித்தான். நிலம் விழவில்லை. அது எங்கள் ஆசைக்கு விழுந்த அபராதம், உங்கள்மேல் புகாரில்லை. மிச்சப் பணத்துக்கு நான் கணக்குப் போட்டேன். பாக்கெட் இனிக் கிடையாது. வேண்டிய சீட்டைச் சில்லறையாகத்தான் வாங்குவது. இப்போதைக்குச் சிவப்பு ஒன்றே, மலை இலவசம். கூட நாலு ‘லைட்னிங் போல்ட்’. முதல் அச்சிலிருந்தே இருக்கிற இடிச் சீட்டு, ஒரே மலையில் இறங்கும், மூன்று உயிர் எடுக்கும், மலிவு. சாதாரணச் சீட்டுகளை மட்டும் வைத்து ஆடும் ‘பாப்பர்’ ஆட்டத்திலும் அது செல்லும், மாடர்னிலும் செல்லும். பாப்பர் என்றால் பரம ஏழை என்று பேரன் அர்த்தம் சொன்னான். அந்தச் சான்றிதழுக்குத் தாசில்தார் கையெழுத்து வேண்டாம் என்பது ஆறுதல். பிறகு சிவப்போடு தீவின் நிறமான நீலத்தையும் சேர்ப்பதாகத் திட்டம். ஷாக் நிலங்களைத் தாங்கள் மறுபடி அச்சிடும்போதெல்லாம் விலை இறங்குகிறது என்று பைண்டர்காரர் சொன்னார். அடுத்த அச்சு வரும்வரை காத்திருந்து நாலே நாலு ‘ஸ்டீம் வென்ட்ஸ்’ வாங்குவோம். மலையும் தீவும். ‘வல்கானிக் ஐலண்ட்’டின் அதே புலம்தான், இதில் இரண்டு உயிர் கட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். கட்டிக்கொள்கிறோம். பழக்கம்தான்.

ஆகவே, தாங்கள் விற்கும் ஒவ்வொரு தொடக்கப் பெட்டியிலும் பூதத்தில் இரண்டைக் குறைத்துக்கொண்டு, படுக்காமல் வரும் இரட்டை நிலம் நாலு வைக்க உத்தரவிட வேண்டும். நிலத்தை அச்சடிக்கவும் பூதத்தை அச்சடிக்கவும் மை ஒன்றுதான். 1996ஆம் வருஷத்து வாக்குறுதியை மறு ஜமாபந்திக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை, பழைய நிலத்துக்குப் பதிலாகப் பெயரை எழுதி உறையில் போட்ட வெற்றுச் சீட்டைத் தங்கள் போட்டிகளில் அனுமதிக்க வேண்டும். நிலம் கைக்கு வருவதற்குள் தோராயப் பட்டா கொடுப்பது எங்கள் ஊரிலேயே உண்டு.

இந்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தரக் கோருகிறேன். ஒப்புகைச் சீட்டு என்றால் சாதாரணக் காகிதம் போதும், பளபளக்கும் ஃபாயில் வேண்டாம். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் இந்தப் பக்கம் எங்கே விற்கிறது என்று தெரியவில்லை. பதிலுக்கு ஒரு சதுப்பு நிலத்தை மனுவோடு குத்தி அனுப்பியிருக்கிறேன். வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் இன்னும் முப்பத்தேழு இருக்கிறது, பேரனுக்கு அந்த நிறம் பிடிக்காது.

இப்படிக்கு,
மனுதாரர்.