கொடாப்பும் கொலிஸ்டினும்

கோழி கேறுகிற சத்தம் கேட்டதும் வைக்கோல்போருக்கு ஓடி, இன்னும் சூடு ஆறாத முட்டையைக் கையில் பொத்தி எடுத்து வந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. எங்கள் நாமக்கல் பக்கத்தில் அன்றைக்குக் கோழி வைத்தியர் அம்மாயிதான். கொடாப்புக்குள் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டால், சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாவற்றையும் அம்மியில் நசுக்கி, அலகைப் பிளந்து உருண்டையாகத் திணிப்பாள். பிழைத்தால் முட்டை, இழுத்துக்கொண்டிருந்தால் குழம்பு என்று இரண்டுக்கும் தயாரான வைத்தியம் அது. வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் மட்டும் இரண்டுக்கும் வழியில்லாமல் தெருவே காலியாகும்.

பிறகு பண்ணைகள் வந்தன. கல்லூரி விடுமுறையில் மாமாவின் கொட்டகைக்குப் போனால், உமி பரப்பிய தரையில் ஆயிரக்கணக்கில் வெள்ளைக் குஞ்சுகள்; மாமா தண்ணீர்த் தொட்டியில் ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்குவார்.

“சீக்கு எதுவும் இல்லீங்களே மாமா?”

“வராம இருக்கத்தான் மாப்ளே. வெயிட்டும் ஏறும்.”

ஏறத்தான் செய்தது. நாட்டுக்கோழி ஐந்தாறு மாதம் குப்பையைக் கிளறிச் சேர்க்கிற சதையை நாற்பதே நாளில் சேர்த்துக்காட்டிய அந்தக் குஞ்சுகளைப் பார்த்து, விஞ்ஞானம் படிக்கிற இளைஞனாகிய நான் புல்லரித்துப்போய், அம்மாயியின் அம்மியைப் பற்றி அவளிடமே அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன்; அவள் பாதியிலேயே தூங்கிவிட்டாள். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரித்து மிஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்ததில் தொடங்கிய கதை இது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்படிப் பண்ணைகளுக்கு வந்த மருந்துகளில் கொலிஸ்டினும் ஒன்று. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் மருத்துவர்கள் ஓரங்கட்டிய மருந்து; மற்ற ஆன்டிபயாடிக்குகள் கைவிரித்தபின், தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி ஆயுதமாகத் திரும்பி வந்தது. மனிதனுக்குக் கடைசி மருந்தாக இருந்தது கோழிக்குக் காலைப் பலகாரமாக இருந்ததை என்னவென்று சொல்ல! அதற்கு மசியாமல் பழகிய கிருமிகளோ கோழியின் குடலோடு நிற்பதில்லை. எருவோடு டிராக்டர் ஏறி மரவள்ளிக்காட்டுக்கும், மழைத்தண்ணீரோடு கிணற்றுக்கும் போகின்றன. 2015இல் சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று கிருமிக்குக் கிருமி கைமாறுவதைப் பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் கண்டறிந்து சொன்னார்கள். 2019 ஜூலையில் இந்திய அரசு, உணவுக்கு வளர்க்கும் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் மீன்களுக்கும் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது.

இப்போது என் மகன், ‘ஆன்டிபயாடிக் இல்லாதது’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த கோழிப் பொட்டலத்தைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறான். போன வாரம் நானும் கூடப் போயிருந்தேன். அந்தப் பையோடு அப்படியே பக்கத்து மெடிக்கலில் நின்று, “லேசா சளிங்கண்ணா, போன தடவை குடுத்த அதே ஆன்டிபயாடிக்ல மூணு மட்டும் குடுங்க” என்றான். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார்.