இருபது நிமிசம்தான்!

வேன் முழுசாக நின்றிருக்காது. கதவைப் பாதி இழுத்து, ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டே அவர் அறிவித்துவிடுவார்: "இருபது நிமிசம்தான். இப்பவே சொல்லிட்டேன்." புசல்லாவையில் அவர் கணக்கப்பிள்ளை, பூண்டுலோயாவில் ஓட்டோக்காரர், இறம்பொடையில் கோயில் கமிட்டிப் பொருளாளர், தவலந்தென்னையில் சில்லறைக் கடை முதலாளி. ஊருக்கு ஊர் தொழில் மாறும், கக்கத்துச் சி.ஆர். கொப்பியும் கழுத்து விசிலும் மாறுவதில்லை. சீட்டுக்காசு சேர்ந்ததும் லயத்துச் சனத்தை அள்ளிக்கொண்டு கொத்மலையிலிருந்து திருகோணமலைக்குப் புறப்படுகிற ட்ரிப் லீடர் அவர்தான். நம்மைக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று ஊரே நம்புகிறது. என் கட்சி வேறு. அவர் கூட்டிக்கொண்டு போவது அந்தக் கொப்பியை. நாம் கொப்பிக்குத் துணைக்குப் போகிறோம்.

கொப்பியையே சாட்சிக்குக் கூப்பிடலாம். முதல் வரி மாத்தளை முத்துமாரியம்மன். ராத்திரி ஒரு மணிக்கு ஏறியவர்கள் அங்கே போய்ச் சேரும்போது கோயில் பூட்டியிருக்கும். வாசலில் ஒரு கற்பூரம், கொப்பியில் ஒரு டிக். அடுத்தது ஹபரணைக் காட்டில் யானை. யானை வந்தாலும் டிக், வராவிட்டாலும் டிக், ஏனென்றால் வராதது யானையின் குற்றம். பிறகு கந்தளாயில் சட்டித் தயிர், கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயில், இராவணன் வெட்டு, கோட்டைக்குள் மான், டவுனில் பத்திரகாளி அம்மன், மார்பிள் பீச், நிலாவெளி, புறாத்தீவு. இத்தனைக்கும் ஒரே ஒரு பகல். கண்டியிலிருந்து திருகோணமலை 180 கிலோமீற்றர் அளவில் இருக்கும். கொத்மலையிலிருந்து கண்டிக்கு வளைந்து வளைந்து இறங்குவது தனிக்கணக்கு. போகவர அரைநாள் வேனுக்குள்ளேயே தீர்ந்துவிடும். மிச்சத்தில் சாப்பாடு, டொய்லட், டயருக்குக் காற்று, காணாமல் போன பெரியப்பாவைத் தேடுவது எல்லாம் கழித்து, வருவதைப் பத்துப் பதினொரு இடத்துக்கு வகுத்துப் பாருங்கள். இருபது நிமிசம் வந்து நிற்கும். ஆகவே அந்த இருபது நிமிசம் அவருடைய கல்மனசால் வந்தது என்று சொல்வது அநியாயம். வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது. பட்டியலில்தான் பிழை.

இருபது நிமிசத்தில் எதுவும் நடக்காது என்றும் சொல்ல முடியாது. கன்னியாவில் ஏழு கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, "இதுதான் கொதிக்குது", "இல்ல அந்தா அதுதான்" என்று வாதாடுவதுதான் அங்கே இருக்கிற சுகமே. கிணற்றுக்கு மூன்று நிமிசம்கூடத் தேறாத நிலையில், தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் அந்த ஊற்றுகளை உண்டாக்கிய கதையை நம் லீடர் ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்குவார். கதை முடிய ஏழு நிமிசம் ஆகும். கதைக்கான நேரமும் நம் இருபதிலிருந்துதான் போகும். கோணேசர் மலையிலும் இதே நியாயம். சம்பந்தர் பதிகம் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு எடுத்துக்கொண்ட தலம். அப்படிப்பட்ட இடத்தில் பாதி நேரம் செருப்பைக் கழற்றுவதற்கும் அதே செருப்பைத் தேடுவதற்கும் போய்விடும். இராவணன் வெட்டின் ஓரத்தில், அத்தனை ஆழத்தில் கடல் நீலமாகக் கிடக்கும்போது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் விரலை நீட்டி ஆள் எண்ணுவார்: "இருபத்தொம்பது, முப்பது... முப்பத்தொண்ணு எங்க?" முப்பத்தோராவது ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு கிழவியாக இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து வேனில் ஏற்றிய பிறகுதான் லீடருக்கு மூச்சு வரும். புறாத்தீவு விசயத்தில் மட்டும் அவர் தாராளம். படகுக்கும் டிக்கட்டுக்கும் தலைக்கு எவ்வளவு என்று விசாரித்துவிட்டு, நிலாவெளிக் கரையில் நின்று கையை நீட்டுவார்: "அந்தா தெரியுதே, அதுதான். பாத்தாச்சா? எல்லாரும் பாத்தாச்சு." டிக்.

கடல்தான் இந்தக் கணக்குக்குள் அடங்காமல் கிடக்கிறது. மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் கடலுக்குள் இறங்க நேரம் எடுப்பார்கள். முதலில் அலை எட்டாத தூரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பிறகு சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால்வரை. திரும்பும் அலை காலடியில் மணலை உருவும்போது ஒரு கூச்சல், கரைக்கு ஓட்டம். மறுபடி வருவார்கள். உப்புத்தண்ணீர் வாய்க்குள் போக வேண்டும், துப்ப வேண்டும், பக்கத்தில் நிற்கிற நாத்தனாரைத் தள்ளிவிட வேண்டும். பயம் தெளிந்து சிரிப்பு வர அரைமணி நேரமாவது பிடிக்கும். விசில் இருபதாவது நிமிசத்திலேயே ஊதிவிடும். இத்தனை தூரம் வந்ததில் பயந்த பாகம் மட்டும் கிடைத்து, மிச்சம் கைக்கு வராமலே திரும்புகிறோம். மகாவலியை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. கொத்மலை அணையில் தேங்குகிற தண்ணீர் மகாவலியோடு சேர்ந்து, பொல்கொல்லையில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று ஒவ்வோர் அணையிலும் தங்கி, வேலை பார்த்து, கடைசியில் திருகோணமலைக்குப் பக்கத்துக் கொட்டியாரக்குடாவில்தான் கடலைச் சேர்கிறது. நம் ஊர்த் தண்ணீருக்கே அங்கே போய்ச் சேர அத்தனை அவகாசம் இருக்கிறது.

இவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு வெகுதூரம் தேட வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டு, நேரம் தவறினால் வேலை இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேரு, அதாவது அரைநாள் சம்பளம். நூற்றைம்பது வருசமாக அப்படி எண்ணப்பட்ட சனத்திலிருந்து வந்தவர். மடுவத்தில் கொழுந்து நிறுப்பதுபோல இடங்களையும் நிறுத்துப் பார்க்கிறார். நிறை வந்தால்தான் அன்றைக்குப் பேர். அவரிடம் இதைச் சொன்னால் கோபம் வராது, பதில் வரும். பதிலில் நியாயமும் இருக்கும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானதே 2021இல்தான்; 2024இல் அடிப்படை 1,350 ஆனது. அந்தக் கூலியில் ஒரு பேரை விட்டுவிட்டு, வேன் ஹயருக்கும் பங்கு கட்டிவிட்டு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு பீச்சைக் காட்டித் திருப்பி அனுப்ப முடியுமா? மறுபடி எப்போது வருவார்களோ? வந்ததே வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். இதுதான் அவர் வாதம், பலமான வாதம். ஆனால் அவர் கணக்கையே தொடர்ந்து போட்டால் விடை வேறாக வருகிறது. ஹயர் காசில் பெரும்பகுதி டீசலுக்குப் போவது கடல்வரைக்கும் போகத்தான். அந்தக் காசுக்குக் கிடைப்பது கடலில் இருபது நிமிசம். முருகன், மாரியம்மன், மான், தயிர் எல்லாம் மலையிலும் உண்டு. நுவரெலியாவுக்கு ஏறினால் மரை வேறு. நம் ஊரில் இல்லாத பெரிய சாமான் கடல். அருமையாகச் சேர்த்த காசை அருமையான சாமானுக்கே செலவழிக்க வேண்டும் என்பது சிக்கனக்காரர் பேசவேண்டிய பேச்சு.

வறுமையால் வந்த அவசரம் இது, வசதி வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வசதி வந்தவர்களைப் பார்ப்போம். கொழும்பில் கடை வைத்து நிமிர்ந்தவர்களும் வெளிநாட்டுக் காசு பார்த்தவர்களும் இப்போது பாங்கொக் – பட்டாயா பக்கேஜில் போகிறார்கள். அங்கும் கையில் ஒரு பட்டியலோடு ஒருவர் முன்னால் நடக்கிறார். பட்டாயாவில் கோரல் ஐலண்ட் அரைநாள். புக்கெட்டிலும் கிராபியிலும் வேகப்படகில் ஒரே நாளில் நாலு தீவு. பீ பீ தீவுகளிலுள்ள மாயா குடா 2000இல் வந்த ஒரு ஹொலிவுட் படத்தால் பேர் பெற்றது. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர்வரை வந்து இறங்கி, படம் எடுத்து, ஏறிப் போனார்கள். பவளப்பாறை செத்துப்போய், 2018 ஜூனில் தாய்லாந்து அரசாங்கம் அந்தக் குடாவை மூடியது. 2022 ஜனவரியில் மறுபடி திறந்தபோது ஓர் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் என்று கட்டுப்பாடு வந்தது. இதை நம் லீடர் கேள்விப்பட்டால் பூரித்துப்போவார். அத்தனை பெரிய அரசாங்கம் சட்டம் போட்டும் ஒரு மணித்தியாலத்துக்குக் கீழே இறக்க முடியவில்லை. இவர் ஒரு விசிலை வைத்துக்கொண்டு இருபது நிமிசத்தில் முடித்துக்காட்டுகிறார்.

இன்னொரு ஆட்சேபம் இருக்கிறது, அதைச் சிரித்துத் தள்ள முடியாது. நம் சனத்துக்கு நீச்சல் தெரியாது. கண்ணெதிரே அவ்வளவு பெரிய நீர்த்தேக்கம் கிடந்தும் பழகியவர்கள் சொற்பம். அதிக நேரம் விட்டால் ஆபத்து, அதனால்தான் விரட்டுகிறேன் என்பார் லீடர். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் உள்ளவர் முதலில் பார்க்கவேண்டியது கலண்டரை. கிழக்குக் கடல் அமைதியாகக் கிடப்பது மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை. தீபாவளி லீவு வரும்போது வடகீழ்ப் பருவமழை தொடங்கும் நேரம். அலை கட்டிக்கொண்டு நிற்கும். அப்போதும் இவர் திருகோணமலைக்கே போவார், கொப்பியில் அதுதானே எழுதியிருக்கிறது! டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை காலி, உணவட்டுன பக்கம் நல்லது. ஆகஸ்ட் லீவில் பாசிக்குடா இருக்கிறது. பாறை அலையைத் தடுப்பதால் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்கலாம், சிறுபிள்ளைகளுக்குத் தோதான இடம். காலம் பார்த்து, இடம் பார்த்து, ஒரே கரையில் காலையிலிருந்து மாலைவரை இருப்பவர்களைக் கண்காணிப்பது சுலபம். வேன் நின்ற இடத்திலேயே, வயிறு முட்டச் சோறு தின்றுவிட்டு, இரண்டு பேர் வேறு ஏதோ குடித்துவிட்டு, இருபது நிமிசத்துக்குள் எல்லாம் அனுபவிக்கவேண்டுமென்று ஓடி விழுவதில்தான் உயிர் போகும் வழி இருக்கிறது.

சனமே இதைத்தான் கேட்கிறது என்பதும் உண்மை. திரும்பி வந்த மறுநாள் பீலியடியில், "இராவணன் வெட்டு பாத்தியா? மார்பிள் பீச்சு?" என்று விசாரிப்பார்கள், இல்லை என்றால் போய் வந்ததே கணக்கில் வராது. இந்தப் பழியை லீடர்மேல் மட்டும் போட முடியாது. அதோடு, மனுசனைக் குறைசொல்லவும் மனம் வரமாட்டேன் என்கிறது. காசு கட்டாத நாலு பேருக்குத் தன் பையிலிருந்து போட்டிருப்பார். வழியில் மறிக்கிற பொலிசிடம் சிங்களத்தில் குழைவது அவர்தான், வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சங்காயும் சொப்பிங் பேக்கும் நீட்டுவதும் அவர்தான். கடலில் அவர் இறங்கியதாகச் சரித்திரமே இல்லை. காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, ஈர மணலுக்கு ஒரு முழம் இப்பால் நின்று, ஆள் எண்ணிக்கொண்டே இருப்பார். விடியற்காலை மூன்று மணிக்கு எல்லாரையும் லயத்தில் இறக்கிவிட்டு, ஏழு மணிக்கு வேலைக்கும் நிற்பார்.

ஆனாலும் ஒரு விசயத்தில் அவருக்கு விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. அந்த இருபது நிமிசம்கூட எல்லாருக்கும் கிடைப்பதில்லை. முதல் நாள் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் அன்று ராத்திரி படுப்பதே இல்லை. முப்பது பேருக்குப் புளிச்சோறு கிளற வேண்டும், கட்டசம்பல் இடிக்க வேண்டும், ரொட்டி சுட வேண்டும். வேன் கரையில் நின்றதும் ஆண்கள் சட்டையைக் கழற்றி அவர்கள் மடியில் எறிந்துவிட்டு ஓடுகிறார்கள். சட்டை, போன், பர்ஸ், செருப்பு, கைக்குழந்தை எல்லாவற்றுக்கும் காவல் அவர்கள். சோறு பரிமாறி, சட்டி கழுவி நிமிரும்போது விசில். நனைந்தால் உடுப்பு மாற்ற மறைவு கிடையாது, அதனால் பாதிப் பேர் நனைவதே இல்லை. டொய்லட் எங்கே இருக்கிறது என்று கொப்பியில் ஒரு வரி கிடையாது. அதற்குப் பயந்து விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். காசு வாங்கும்போது மட்டும் ஆம்பளை பொம்பளை எல்லாருக்கும் ஒரே தலைக்கணக்கு. அடுத்த ட்ரிப்புக்குச் சோறு கடையில் எடுக்கட்டும்; தலைக்குக் கொஞ்சம் கூடினால் கூடட்டும். சாமான் காவலுக்கு இளவட்டங்கள் முறை வைத்து நிற்கட்டும். உடுப்பு மாற்றவும் டொய்லட்டுக்கும் இடமுள்ள கரையாகப் பார்த்து வேனை நிறுத்தட்டும். விசிலை அன்றைக்கு மட்டும் ஏதாவது ஓர் அக்காவின் கையில் கொடுக்கட்டும். இவற்றைக் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். டிக்கை அவர் போடக்கூடாது, ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தப் பெண்களில் ஒருவர் போடட்டும்.