மூலை மழுங்கா உலாவிகள்: நூற்பாவும் உரையும்

இணையப் பக்கத்துப் பெட்டிக்கு நான்கு மூலையும் வட்டமாக இருக்க வேண்டும் என்ற வேட்கை மனித இனத்துக்கு ஏன் தோன்றியது என்பதை இவ்வாய்வு தொடவில்லை. தோன்றிவிட்டபின் பழைய உலாவிகளை என்ன செய்வது என்பதே நுதலிய பொருள். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் இலக்கணத்தின் சாரத்தை யாமே ஈரடி நூற்பாவாக யாத்துள்ளோம்:

அறியா விதியை அரவமின்றிக் கடக்க;
அறிந்தவை மோதின் பின்னது கொள்க.

இதன் பொருள்: உலாவி தனக்குப் புரியாத வரியைக் கண்டால் கூச்சலிடாமல் தாண்டிப் போகும். புரிந்த வரிகளில் சம எடையுள்ள இரண்டு மோதினால் கீழே இருப்பது வெல்லும். ஆகவே முதலில் சாதாரண நிறம். அதன்கீழ், பின்னணி தெரியும்படியான ஆர்ஜிபிஏ நிறம். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 முதலாவதோடு மனநிறைவு கொள்ளும். 9 இரண்டாவதை எடுத்துக்கொள்ளும். வரிசையை மாற்றி எழுதினால் புது உலாவியும் பழையது போலவே காட்டும். இவ்வுண்மையைக் கண்டறிய எமக்கு ஒரு மாலைப்பொழுது செலவாயிற்று.

அறியாமை இத்தனை நல்லதாயின் இடர் எங்கிருந்து வந்தது எனின், அரைகுறையாய் அறிந்ததிலிருந்து என்க. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, இடப்பக்கம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடப்பக்கம் 10 பிக்சல் இடைவெளி கேட்டால் 20 கொடுத்தது. தாராள மனம்தான், ஆனால் பக்கத்துப் பெட்டி கீழே விழுந்தது. மருந்து, அந்தப் பெட்டியை ‘இன்லைன்’ என்று அறிவிப்பது. மிதக்கும் பெட்டியிடம் அவ்வறிவிப்பு செல்லாது என்பது விதி. மற்ற உலாவிகள் விதிப்படி சும்மா இருந்தன, ஆறு மட்டும் நோய் நீங்கி எழுந்தது. ஏன் என்று கேட்கும் மாணாக்கரை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது மரபு.

பிற்காலத்தார் ‘சப்போர்ட்ஸ்’ என்னும் வினாப்பகுதியை வகுத்தனர். “உனக்கு இது தெரியுமா?” என்று கேட்டு, தெரிந்தவரை மட்டும் உள்ளே விடுவது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குக் கடைசிவரை கேள்வியே விளங்கவில்லை. விளங்காததால் பகுதி முழுவதையும் தாண்டியது. விடை சரி, முழு மதிப்பெண்.

இனிக் கள ஆய்வு. நான்கு படத்துண்டுகளை வெட்டி மூலைகளில் ஒட்டும் பண்டைத் தொழிலைக் கைவிட்டு, பழைய உலாவிக்குக் கூர்மூலையே போதும் என்று யாம் விட்ட பக்கத்தை, வாடிக்கையாளர் ஒருவர் தம் கணக்குப் பிரிவின் பழைய கம்ப்யூட்டரில் திறந்தார். யாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் பார்த்தார்.

“ஏங்க, போன் நம்பர்ல ஒரு சைபர் விட்டுப்போச்சே?”