ஸ்வாப் பார்ட்டிஷனா, ஸ்வாப் ஃபைலா? மல்லைச் சிற்பநெறி நோக்கில் ஓர் ஆய்வு

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒற்றைக் காலில் தவம் செய்பவர் அருச்சுனனா, பகீரதனா என்ற வழக்கே இன்னும் தீரவில்லை. அதே ஊரில் இன்னொரு வழக்கைத் தொடங்குவது முறையா எனலாம். லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தவரைக் கேளுங்கள், தெரியும்: ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்குவதா, ஒரு ஃபைல் போதுமா?

ஆய்வுப்பொருள், 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த ஒன்று. ரேம் 2 ஜிபி. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. கிடைத்த இடம், கற்சிற்பப் பட்டறை மேசை. விசைகளின் இடுக்கில் கருங்கல் தூசி. பிரவுசரில் நாலு டேபைத் திறந்துகொண்டு வாடிக்கையாளர் அனுப்பிய பிள்ளையார் படத்தைப் பெரிதாக்கினால் ரேம் நிரம்பிவிடும். உடனடியாகத் தேவைப்படாத நினைவகப் பக்கங்களை லினக்ஸின் கருவான கர்னல் ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். அந்த வைப்பிடமே ஸ்வாப்.

இதில் இரு பள்ளிகள் உள. பார்ட்டிஷன்காரர் ரதப் பள்ளியினர்: ஐந்து ரதங்களைப் போல் ஒரே பாறையில் செதுக்குவர், செதுக்கியபின் ஒரு முழம் கூட்ட வேண்டுமானால் பக்கத்துப் பார்ட்டிஷனின் தயவு வேண்டும். ஃபைல்காரர் கடற்கரைக் கோயில் பள்ளியினர்: கல்மேல் கல் அடுக்குவர், வேண்டாதபோது பிரிப்பர்.

ஃபைல் மெதுவானது என்பது ரதப் பள்ளியின் பழைய பிரம்மாஸ்திரம். 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னல் அதைப் பறித்துவிட்டது. ஸ்வாப்ஆன் கட்டளை இட்டதுமே, ஃபைலின் துண்டுகள் டிஸ்கில் எங்கெங்கே கிடக்கின்றன என்று கர்னல் குறித்துக்கொள்ளும். அதன்பின் ஃபைல் சிஸ்டத்தைக் கேட்காமல் நேரே எழுதும். உபுண்டுவும் 17.04 பதிப்பில் ஃபைல் பக்கம் சாய்ந்துவிட்டது. நிபந்தனை ஒன்று உண்டு: ஃபைலுக்குள் வெற்றிடம் இருக்கலாகாது. பிடிஆர்எஃப்எஸ் என்னும் ஃபைல் சிஸ்டத்தின் பயனர்களோ 5.0 கர்னல் வரும்வரை வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது. அது தனிச் சோகம்.

ரதப் பள்ளிக்கு எஞ்சிய கோட்டை ஹைபர்னேட், அதாவது ரேமில் உள்ளதை ஸ்வாப்பில் எழுதிவைத்துவிட்டுக் கணினியை அணைப்பது. பார்ட்டிஷன் என்றால் அடையாளம் சொன்னால் முடிந்தது. ஃபைல் என்றால், அது டிஸ்கில் தொடங்கும் இடத்தின் எண்ணையும் பூட் வரியில் எழுதித் தர வேண்டும். ஃபைலை அழித்துப் புதிதாக உருவாக்கினால் அந்த எண்ணும் மாறக்கூடும். திருத்த மறந்தவருக்குக் கணினி புதிதாகவே பூட் ஆகும், பாதியில் விட்ட வேலை போனது போனதுதான்.

ஆகவே, ஹைபர்னேட் செய்யும் வழக்கமில்லாத பட்டறைக்கு ஃபைலே தக்கது என்பது இவ்வாய்வாளரின் துணிபு. முழுவதையும் பொறுமையாகக் கேட்ட சிற்பி, உளியைக் கீழே வைக்காமலே, "சார், செங்கல்பட்டுல ரேம் என்ன விலை இருக்கும்?" என்றார். அவ்வினா இவ்வாய்வின் வரம்புக்குள் வராது.