தெற்கு வீதி மாமி

நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் தேருக்குப் போனவர்களுக்கு இந்த மாமியைத் தெரிந்திருக்கும். பெயர் தெரியாது; தெரியவேண்டிய தேவையுமில்லை. தெற்கு வீதியில் மதிலோரமாக ஒரு பன்பாயும் இரண்டு பழைய சீலையும் விரித்து, மூலைக்கு மூலை பாரம் வைத்து, நடுவில் காலை நீட்டிக்கொண்டு இருப்பா. பன்னிரண்டு பேர் தாராளமாக இருக்கக்கூடிய இடம். இருப்பது அவ மட்டும்.

"ஆக்கள் வருகினம், பிள்ளை" என்பா, நீங்கள் வாய் திறக்கமுதலே.

இடம் பிடிக்கிற வேலை கோயிலில் தொடங்குவதில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776ஆம் இலக்கக் குறிகட்டுவான் பஸ் நிற்கமுன்னமே, யன்னலுக்குள்ளால் ஒரு லேஞ்சி பறந்துபோய் சீற்றில் விழும். தேரன்று அந்த லேஞ்சிக்குக் காணி உறுதியின் மதிப்பு. பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று ஆடி ஆடிப்போன பஸ் குறிகட்டுவானில் இறக்கிவிட்டால் அடுத்தது போட். கடல் கொஞ்ச நேரத்துக் கடல்தான், வரிசை அப்படியல்ல. விசயம் தெரியாதவர்கள் முண்டியடித்து முதல் ஏறி, உள்ளுக்குப் போய், காற்றில்லாமல் அவிந்து, கடைசியாக இறங்குவார்கள். மாமி கடைசியாக ஏறுவா. கடைசியாக ஏறினால் வாசலில் நிற்கலாம், வாசலில் நின்றால் முதலில் இறங்கலாம். போட் இறங்குதுறையில் முட்டுகிற நேரம் அவவின் ஒரு கால் ஏற்கனவே நயினாதீவில் இருக்கும். (தேரன்று காலமை வருகிறவ அல்ல, முதல்நாள் சப்பறத்துக்கே வந்து படுத்துவிடுகிறவ என்றும் ஒரு கட்சி உண்டு.)

எல்லாரும் கிழக்கு வாசலை நோக்கி ஓடுகையில் அவ ஏன் தெற்கு வீதிக்குத் திரும்புகிறா? கேட்டால் சொல்லுவா.

"ஆனியிலை சூரியன் வடக்கை நிக்குது, தம்பி. உச்சி வெய்யிலுக்கும் மதில் நிழல் இந்தப் பக்கமாய் ஒரு பாய் அகலத்துக்கு விழும். நல்லூருக்கு உது சரிவராது. அங்கை தேர் நேரம் சூரியன் நேரை உச்சந்தலையிலை."

புவியியல் படிப்பிக்கிறவர்கள் சரிபார்க்கலாம். நாங்கள் இருப்பது ஏறத்தாழ 9.6 பாகை வட அகலக்கோட்டில். ஜூன் 21 அளவில் சூரியன் 23.4 பாகை வடக்கே போய் நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வரும்போது எங்கள் தலைக்கு நேரே வருகிறது. மாமி அகலக்கோடு படித்தவ அல்ல, வெய்யிலில் இருந்து படித்தவ.

மூலையிலும் இருக்கமாட்டா. திருப்பத்தில் தேர் கனநேரம் நிற்கும், முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் திருப்புவார்கள், வடிவாகப் பார்க்கலாம் என்று புதிய ஆட்கள் உள்மூலையில் குந்துவார்கள். வடம் பிடிக்கிறவர்கள் முன்னால் போய் வளைந்து இழுக்கிறபோது வடம் அந்த உள்மூலையைத்தான் அறுத்துக்கொண்டு வரும். அங்கே இருந்த குடும்பம் பாய் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக எழும்பி ஓடுவதை மாமி கச்சான் கொறித்தபடி பார்ப்பா.

பக்கத்துப் பாய்க்காரியோடு எல்லைப் பிரச்சினை கட்டாயம் வரும். வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் கதியாலை ஒரு சாண் அங்காலை தள்ளி நடுகிற பரம்பரையில் வந்தவர்கள் அல்லவா? தண்ணிப் போத்தல் முதலில் எல்லையில் நிற்கும். பிறகு போத்தல் அரை முழம் நகரும், போத்தலுக்குப் பின்னால் பாய் நகரும். பக்கத்துக்காரி எழும்பிப் போகிற சாயல் தெரிந்தால், "போறதெண்டால் முதல் எனக்குச் சொல்லுங்கோ" என்று ஒரு சொல் போட்டுவைப்பா. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய தேசவழமையில், காணி விற்கிறவர் பங்காளிக்கும் உரித்துக்காரருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும் என்று இருக்கிறது. பன்பாய்க்கும் அது செல்லுமா என்று எந்தக் கோடும் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை.

அந்தப் பன்னிரண்டு இடமும் யாருக்கு? "கனடாவுக்கு அஞ்சு. சுவிசுக்கு மூண்டு. லண்டனுக்கு ரண்டு. பிரான்ஸ் வருமோ தெரியாது." மனிதரின் பெயர் எப்போதோ போய்விட்டது, நாடுதான் மிச்சம். 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதி இடம்பெயர்ந்து போனது போனதுதான்; வருசம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடுகளின் சொந்தக்காரர் ஒரு வீதியில் சேர்ந்து நிற்கிற நாள் இது. அதனால்தான் பாய் இவ்வளவு பெரிது.

கனடா வரும், தேர் தெற்கு வீதிக்குத் திரும்பின பிறகு. வந்து பாயைப் பார்க்கும். முழங்கால் மடியாது, நிலத்தில் இருக்க ஏலாது, கதிரை இல்லையோ என்று கேட்கும். சுவிஸ் பிள்ளைகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்க்கு வெளியே வெய்யிலில் நிற்கும். மாமி விடியப்புறம் இருந்து காத்த நிழலில் செருப்புகள் மட்டும் இருக்கும்.

இவ்வளவுக்கும், தேர் என்பதே இருக்கிற இடத்துக்கு அம்பாள் வருவதற்கான ஏற்பாடு. நாலு வீதியும் சுற்றுவா; எங்கே நின்றாலும் தெரிகிற உயரம். இதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வருவா. நிப்பாவோ?" என்றா மாமி.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பேர்த்தியின் கையைப் பிடித்தபடி ஒரு ஆச்சி இடம் தேடித் தடுமாறி வந்தா. வழமையான "ஆக்கள் வருகினம்" வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கனடாவின் செருப்பைக் காலால் தள்ளினா. "இதிலை இரணை. கனடா நிண்டுகொண்டு பாக்கட்டும்." ஆச்சி இருந்தா. இருந்த கையோடு தன் பொட்டளியையும் பக்கத்தில் விரித்து, "என்ரை மருமேள் வாறா" என்றா. மாமி அவவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தா. இனம் இனத்தை அறியும்.

"அரோகரா" எழும்பி, தேர் கண்ணுக்கு நேரே வந்தது. எல்லாக் கையும் தலைக்கு மேலே. மாமியின் ஒரு கை தலைக்கு மேலே. மற்றக் கை லண்டன் மருமகனின் வேட்டித் தலைப்பைப் பிடித்திருந்தது.

"தம்பி, நீர் இப்பவே ஓடிப்போய் அமுதசுரபியிலை பந்திக்கு இடம் பிடியும். சின்னவனைப் போட் வரிசையிலை நிப்பாட்டும்."

"மாமி, தேர்..."

"தேர் வருசா வருசம் இழுப்பினம். சோறு ஆறிப்போம்."