வராந்தாவில் நின்ற தாய்மார்

மே மாதம் பிறந்தால் எங்கள் திருநெல்வேலிச் சபைகளில் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி, தொடங்கிவிடும். ஆக்‌ஷன் பாட்டு, மனப்பாட வசனம், வண்ணத்தாள் வெட்டி ஒட்டும் கைவேலை, கடைசி நாள் ஊர்வலம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதையெல்லாம் பெட்டியில் கட்டிக்கொண்டு எங்கள் வாலிபர் குழு கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் ஏறக்குறைய மூன்று நாள் கடல். இறங்கும் இடம் போர்ட் பிளேரின் ஹேடோ துறை. அந்தமான் இந்தியாதான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடல் தாண்டுகிறோம் என்பதால் ஊரில் ‘வெளிதேச ஊழியம்’ என்று சொல்லித்தான் ஜெபித்து அனுப்பினார்கள்.

அந்த வெளிதேசத்தில் முதல் நாளே எங்களைச் சூழ்ந்துகொண்ட பிள்ளைகளில் பாதிப்பேர் தமிழ்ப் பிள்ளைகள். துறையில் சுமை தூக்குகிறவர்கள், பக்கத்துச் சாத்தம் மரமில்லில் வேலை பார்ப்பவர்கள், அரசு அலுவலகங்களில் கடைநிலை ஊழியர்கள், இவர்கள் பிள்ளைகள். கூடவே தெலுங்குப் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். தங்களுக்குள் எல்லோரும் இந்தியில்தான் பேசிக்கொண்டார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் சண்டை என்று வந்துவிட்டால் இந்திக்குத் தாவிவிடுவார்கள். நாங்கள் கொண்டுபோன பாட்டுகளோ எல்லாம் தமிழ். இரண்டாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளைகளே வரிக்கு வரி இந்தியாக்கி மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

குழுத் தலைவர் ஒரு கட்டளை போட்டிருந்தார். தாய்மாரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும், அவர்கள் இருந்தால் பிள்ளைகளின் கவனம் கலையும் என்பது அவர் கணக்கு. அதைச் சொல்ல என்னை அனுப்பினார், குழுவில் நான்தான் கடைக்குட்டி. இடுப்பில் கைப்பிள்ளையோடு நின்ற ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க பாட்டுக்குச் சொல்லிக்குடுங்க தங்கச்சி. நான் இங்கனயே நிக்கேன்.” அவர் போகவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் போகவில்லை. வி.பி.எஸ். முடிகிறவரை வராந்தாவில் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றார்கள். தலைவருக்கு அது பெரிய குறையாகவே இருந்தது. ஊர் திரும்பிக் கொடுத்த அறிக்கையிலும் எழுதினார்.

இன்று எந்தச் சபையில் சிறுவர் ஊழியத்துக்குப் பயிற்சி கொடுத்தாலும் முதல் வகுப்பே பிள்ளைகள் பாதுகாப்புதான். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது, தனியறையில் வைத்துப் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அன்று எங்கள் அறிக்கையில் குறையாக எழுதப்பட்ட காரியம் இன்று விதியாக அச்சாகி வருகிறது. நானே அந்த வகுப்பை எடுக்கிறேன். எடுக்கும்போதெல்லாம் ஹேடோ கண்முன் வருகிறது. அந்தத் தாய்மார் மட்டுமல்ல, அவர்களுக்கு நூறாண்டு முன்பு அதே கரைகளில் தாய் தகப்பன் பார்வையிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைகளும் வருகிறார்கள்.

அந்தக் கதையைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1863-இல் பாதிரியார் ஹென்றி கார்பின் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்தமானியருக்கு உணவு, உடை, ஆங்கிலம், நல்ல பழக்கவழக்கம் எல்லாம் அங்கே கிடைக்கும் என்பது ஏற்பாடு. பின்னால் இந்த இல்லங்கள் வேறு இடங்களிலும் வந்தன. ஹேடோவிலும் ஒன்று இருந்தது. நல்லெண்ணம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கூட்டமாக அடைத்துவைத்த இடத்தில் நோய் புகுந்தது. 1877-இல் தட்டம்மை வந்து நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இல்லங்களில் பிறந்த 150 குழந்தைகளில் ஒன்றுகூட இரண்டு வயதைத் தாண்டவில்லை என்று பதிவு இருக்கிறது. அந்த வரியைப் படித்த நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆயிரக்கணக்கில் இருந்த ‘பெரிய அந்தமானியர்’ என்னும் அந்தப் பழங்குடியினர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர்.

1880 ஜனவரியில் அதிகாரி மாரிஸ் போர்ட்மன் வடக்குச் சென்டினல் தீவுக்குப் படையோடு போய் ஒரு வயதான தம்பதியையும் நான்கு பிள்ளைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். எல்லோரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்துபோனார்கள். பிள்ளைகளைக் கைநிறையப் பரிசுகளோடு தீவில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்கள் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள், உடம்பில் எந்த நோயைக் கொண்டுபோனார்கள், யாருக்கும் தெரியாது. 138 ஆண்டு கழித்து, 2018 நவம்பரில், ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க வாலிபர் மீனவர்களுக்குப் பணம் கொடுத்து அதே தீவுக்கு நற்செய்தி சொல்லப் போனார். கையில் வேதாகமம், பரிசாக மீன், கத்தரிக்கோல், ஒரு கால்பந்து. 1956-இல் வந்த பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி அந்தக் கரையை அணுகுவதே குற்றம். முதலில் அவர்மேல் அம்பெய்தது ஒரு சிறுவன். அது அவர் கையிலிருந்த வேதாகமத்தில் தைத்தது என்று அவர் குறிப்பிலேயே இருக்கிறது. அப்போதாவது திரும்பியிருக்கலாம். மறுபடி போனார், கொல்லப்பட்டார். அவர் தாயை நினைத்தும் அழுதேன். அந்தச் சிறுவன் செய்ததையும் என்னால் தவறென்று சொல்ல முடியவில்லை.

இதே கடலில் வேறொரு வழியும் நடந்திருக்கிறது. அது நம்மவர் நடந்த வழி. வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் போய்க் குடியேறினார். அரசாங்கத்தின் முகவர் வேலையும் அவருக்கு இருந்தது, வரும் கப்பல்களைக் கவனிக்க வேண்டும், வியாபார வழக்கைத் தீர்க்க வேண்டும். அதனோடு பள்ளிக்கூடம் நடத்தினார். போர்ட் பிளேரில் பள்ளி வைத்துப் பிள்ளைகளை அங்கே வரவழைப்பது ஒன்று, பள்ளியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளின் கிராமத்துக்குப் போவது வேறொன்று. மூஸில் மணி அடித்து வகுப்பு முடிந்தால் பிள்ளை தன் வீட்டுக்குப் போகும், தென்னந்தோப்புக்குப் போகும், தன் மொழிக்குள் போகும். சாலமோன் அங்கே பத்தாண்டுக்கு மேல் இருந்தார். கிராமத்தில் நடந்ததையெல்லாம் நாட்குறிப்பில் எழுதினார். அதன் பகுதிகள் 1901 கணக்கெடுப்பு அறிக்கையில் அச்சாகியிருக்கின்றன. மத்தேயு, மாற்கு என்று ஒப்பிக்கத் தெரிந்த நம் சபைப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? மேல்நாட்டு மிஷனரிகளின் படங்களை வரிசையாக மாட்டுகிறோம், இவருக்கு ஓர் ஆணி கிடைக்கவில்லை.

அவருடைய மாணாக்கர்களில் ஒருவர்தான் ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவில் படித்துவிட்டுத் தன் தீவுக்கே திரும்பிவந்து ஆசிரியரானார், குருவானார். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் கொண்டுவந்தார். ஜப்பானியர் ஆண்ட கொடுங்காலத்தில் தன் மக்களோடு நின்றார். 1950-இல் பேராயர். 1952-இல் முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் உறுப்பினர். கார் நிக்கோபார் கிறிஸ்தவ மண்ணானது இந்த உள்ளூர் மனிதரால். சாலமோன் செய்தது, ஒரு பிள்ளையை அவன் இடத்திலேயே வைத்து எழுத்தறிவித்தது. அந்த ஊரில் குழந்தை துஹெட் என்னும் கூட்டுக்குடும்பத்தின் சொத்து. தாய் தகப்பன் இறந்தாலும் அது அநாதையாவதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இல்லம் கட்டிப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு என்ன தேவை இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் மறுபடி ஹேடோவுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து விமானம், இரண்டே மணி நேரம். ஊரின் பெயரே 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, ஆனால் பேச்சில் போர்ட் பிளேர் போகவில்லை. வி.பி.எஸ். நடத்துவது இப்போது அந்த ஊர்ப் பெண்களே. அன்று பாட்டை இந்தியாக்கியவர்களின் வயதுக்காரர்கள். மெயின்லேண்டிலிருந்து வரும் குழுக்களைப் பற்றிக் கேட்டேன். ஓர் ஆசிரியை கூச்சத்தோடுதான் சொன்னார்: “வராங்கக்கா, நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஒரு வாரம் பலூன், மிட்டாய், போட்டோ. அவங்க போனப்புறம் ஒரு மாசம் பிள்ளைங்க எங்ககிட்ட உக்கார மாட்டேங்குதுங்க.” பெரிய பெரிய ஆய்வரங்குகளில் கேட்டதைவிட அது எனக்கு அதிகம் சொன்னது.

எங்கள் சபை வாலிபர்கள் வருகிற மே மாதம் ஹேடோ போக ஆயத்தமாகிறார்கள். ஒரு பையன் சென்டினல் தீவைக் கப்பலிலிருந்தாவது பார்த்து ஜெபிக்க முடியுமா என்று கேட்டான். வீட்டிலிருந்தே ஜெபி, கர்த்தருக்குத் தூரம் கிடையாது என்றேன். கொஞ்சம் வாடிப்போனான். மற்றவர்களிடம் மூன்று மாதமாவது இந்தி படிக்கச் சொல்லியிருக்கிறேன். அங்கே உள்ள ஆசிரியைகள் நடத்துவார்கள், நீங்கள் பாய் விரியுங்கள், கைவேலைத் தாள் வெட்டுங்கள் என்றும் சொல்லியிருக்கிறேன். குழுவில் ஒரு பெண் பி.எட். முடித்தவள். ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு வருடம் தங்கி, மாலையில் துறைத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள். அவள் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மாதப் பணம் வேண்டும். பத்துப் பேரின் விமான டிக்கெட்டுக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போட்ட கமிட்டி, இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்கப்போகிறேன்.