லாபம், ரெண்டு, மூணு

ஏய்யா பேராண்டி, ஒம்மகன் எல்.கே.ஜி. போன மூணே மாசத்துல நூறு வரைக்கும் எண்ணுறான்னு டீக்கடை வரைக்கும் சொல்லிட்டு வந்திட்டியாமே. நல்லது. நேத்துப் பொழுதுசாய எங்கிட்டயும் வந்தான். "ஒன், டூ, த்ரீ"ன்னு மூச்சுவிடாம ஓடி நூறுல போய் நின்னான். நானும் மெச்சிட்டு, "சரி சாமி, அந்தப் பொட்டியில புளியங்கொட்டை கெடக்கு, தாத்தாவுக்கு அஞ்சு எடுத்துக் குடு"ன்னேன். ரெண்டு கையும் நெறய அள்ளிக் குடுத்தான். தாராளமான பய. அது ஒம்பொண்டாட்டி வழி. நம்ம வம்சத்துல அப்படி ஒருத்தரும் கெடையாது.

கோவப்படாதே. அவன் பாடுறான், எண்ணல. ஒரு கொட்டைக்கு ஒரு சொல்லு, அதுதான் எண்ணுறது. அவனுக்கு வாய் எக்ஸ்பிரஸ், விரல் மாட்டுவண்டி. தொட்ட கொட்டையை அந்தாண்ட தள்ளி வச்சுட்டுச் சொல்லுன்னேன். அஞ்சும் சரியா வந்துச்சு. "மொத்தம் எத்தனை?"ன்னு கேட்டா, திரும்பவும் "ஒண்ணு, ரெண்டு"ன்னு ஆரம்பிச்சுட்டான். கடைசியாச் சொன்ன சொல்லுதான் மொத்தத்துக்கும் பேருன்னு அவனுக்கு இன்னும் பிடிபடல. நீ சிரிக்காதே. எட்டயபுரம் சந்தையில ஏழு கெடாவ எண்ணி முடிச்சு, தரகன் எத்தனைன்னு கேட்டதும் மறுபடி மொதல்லருந்து எண்ணுனவன் யாரு?

இதையெல்லாம் கெல்மன், காலிஸ்டல்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு 1978-லயே புத்தகமாப் போட்டுட்டாங்களாம். நம்ம டீச்சர் பொண்ணு சொல்லுச்சு. சொல்லு என்னவா இருந்தாலும் சரி, வரிசை மட்டும் மாறக்கூடாதாம். இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போவானேன்? களத்துல தானியம் அளக்குறவன் ஒண்ணுன்னே சொல்ல மாட்டான். "லாபம்"னு ஆரம்பிச்சு ரெண்டு, மூணுன்னு போவான். அதனால கணக்கு கொறஞ்சிருக்கா? கொறஞ்சிருந்தா அது வியாபாரியோட மரக்கா செஞ்ச வேலை.

அப்புறம் அந்த நோட்டு. 5, 5-னு ரெண்டு பக்கம் எழுதச் சொல்லியிருக்கே. அவனும் தூண்டில்முள்ளு மாதிரி எழுதி வச்சிருக்கான், மீன்தான் மாட்டல. ஒங்க பாட்டி பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல. ஆழாக்குப் பாலுக்கு ஒரு கோடுன்னு அடுப்படிச் சுவத்துல கரியால போட்டு வச்சிருப்பா. மாசக் கடைசியில அந்தக் கோட்டோட வாதாடி ஜெயிச்ச வீட்டுக்காரி இந்தத் தெருவுல கெடையாது. மொதல்ல கொட்டை, அடுத்தாப்ல கொட்டைக்கொரு கோடு, அதுக்கப்புறந்தான் 5. நீ தூண்டில்முள்ளுல ஆரம்பிக்கிறே.

பல்லாங்குழியில குழிக்குள்ள நாலு முத்து சேந்தா "பசு"ன்னு கத்திக்கிட்டு அள்ளுவோமே, அப்ப யாரு ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டிருந்தா? நாலு வரைக்கும் கண்ணே சொல்லிரும். வெறுங்குழியப் பாத்தா சைபரும் தானா வெளங்கிரும். அதுக்கு ஒரு நோட்டும் வேணாம்.

அதனால நூறு எங்கயும் ஓடிப்போகாது. பத்துக்குள்ள கொஞ்ச நாள் கையால பொழங்கட்டும். பல்லாங்குழி பரண்மேல கெடக்கு. ஏணி வச்சு எறக்கிக் குடுத்துட்டு டீக்கடைக்குப் போ. குழி 14 இருக்கணும். எண்ணிப் பாத்துட்டு, எத்தனைன்னு ஒரே சொல்லாச் சொல்லு.